யார் கை முழம்? உளவியல் சோதனைகளும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளும்

உளவியல் சோதனைகளைப் பற்றித் தமிழ்க் கல்விப்புலத்தில் இரண்டு குரல்களே ஓங்கி ஒலிக்கின்றன. ஒன்று, சோதனை தந்த எண்ணே பிள்ளையின் விதி என்று நம்பும் குரல். மற்றொன்று, நுண்ணறிவுச் சோதனை காலனியத்தின் எச்சம், இனவாதத்தின் கருவி, ஆகவே அதைத் தூக்கி எறிய வேண்டும் என்று கருத்தரங்குகளில் முழங்கும் குரல். முதற்குரல் மருத்துவமனை வராந்தாக்களில் கேட்கிறது; இரண்டாவது பல்கலைக்கழக அரங்குகளில் கேட்கிறது. இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் கடந்துபோகின்றன: இந்தச் சோதனை யாருடைய மொழியில், யாரை வைத்து அளவிடப்பட்டது?

பூக்காரி முழம்போட்டுப் பூ அளப்பதைப் பார்த்த எவருக்கும் இதன் உட்பொருள் விளங்கும். கை மாறினால் முழம் மாறும். முழம் என்ற அளவையே கூடாது என்று எவரும் சொல்வதில்லை. எந்தக் கை என்றுதான் கேட்பார்கள். உளவியல் சோதனையில் அந்தக் கைக்கு 'நியம அளவு' என்று பெயர். குறிப்பிட்ட வயது, மொழி, கல்விப் பின்புலம் கொண்ட பெருந்திரளான மக்களிடம் சோதனையை முன்கூட்டியே நடத்தி, அவர்கள் சராசரியாக எவ்வளவு பெறுகிறார்கள், எவ்வளவு சிதறுகிறார்கள் என்று கண்டறிந்து வைத்திருப்பதே நியம அளவு. அது இல்லாத சோதனை வெறும் வினாத்தாள். வேறொருவருடைய நியம அளவைக் கொண்டு ஒரு பிள்ளையை அளப்பது அறிவியலின் பெயரால் நடக்கும் அநீதி.

இந்த அநீதி நிகழும் இடத்தைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து தாதருக்கு நேரே ரயில் உண்டு. தாதரிலிருந்து வடக்கே மாட்டுங்கா, சயான், சயானை ஒட்டித் தாராவி, கிழக்கே செம்பூர். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் நிலம் இது. தாராவியில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதற்கு வீட்டில் நெல்லைத் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் அல்லது தமிழ், பாடமாக மராத்தி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. ஆசிரியர் 'மக்கு' என்கிறார், தந்தை 'சோம்பேறி' என்கிறார், பக்கத்து வீட்டார் 'பேய்க்கோளாறு' என்கிறார்கள். உண்மையில் அது கற்றல் குறைபாடா, செவித்திறன் குறைவா, அறிவு வளர்ச்சிக் குறைவா, அல்லது புரியாத மொழியில் பாடம் நடந்ததன் விளைவா? இந்த நான்கையும் பிரித்தறிய முறையான சோதனையன்றி வேறு நேர்மையான வழியில்லை. சோதனை ஏன் முக்கியம் என்ற வினாவுக்கு இதுவே முதல் விடை.

சட்டமும் அந்த வழியைத்தான் காட்டுகிறது. மகாராட்டிர அரசு 1996 முதலே கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்குத் தேர்வுச் சலுகைகளை முறைப்படி வழங்கிவருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை அங்கீகரித்தது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் அடங்கும். அதை இயன்றவரை விரைவாகக் கண்டறிய வேண்டும் என்று அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. 2018 ஜனவரி 4 அன்று வெளியான மத்திய அரசின் அறிவிக்கை இதற்கான படிமுறையை வகுத்தது: எட்டு வயது நிரம்பிய பிள்ளைக்கு முதலில் நுண்ணறிவுச் சோதனை, ஈவு 85-க்கு மேல் இருந்தால் மட்டுமே அடுத்த படி, பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டும் என்றும் அது கூறியது.

படிப்பதற்கு ஒழுங்காகத் தோன்றும் இந்தப் படிக்கட்டின் முதற்படியிலேயே தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழுகிறது. நுண்ணறிவுச் சோதனைக்கு அறிவிக்கை குறிப்பிட்ட கருவிகளுள் ஒன்று மாலின் அளவை. டேவிட் வெஷ்லர் 1949-இல் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக வெளியிட்ட அளவையை நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியப் பிள்ளைகளுக்கெனத் தழுவி 1969-இல் உருவாக்கியது அது. பதினொரு உட்சோதனைகளில் ஆறு சொல்சார்ந்தவை, ஐந்து செயல்சார்ந்தவை. பாதிக்கு மேற்பட்டவை மொழியின் வழியாகவே நடக்கின்றன. பிள்ளைக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அந்த ஆறையும் நடத்தினால் ஈவு சரியும். 85-க்குக் கீழே சரிந்தால் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே வழியில்லை. 70-க்கு மேலே நின்றால் அறிவுசார் குறைபாடு என்ற சான்றும் கிடைக்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டு நிலை சட்டத்தின் 21 வகைகளில் இல்லை. கூடுதல் நேரமுமில்லை, எழுத்தரும் இல்லை. ஒரு மொழிப் பிழை அறிவுக் குறையாகப் பதிவாகி, அந்தப் பதிவே உரிமையைப் பறிக்கும் விந்தை இது. வெஷ்லர் வகை அளவைகளில் முழு மதிப்பெண்ணுக்கே ஏறத்தாழ 3 புள்ளி அளவைப் பிழை உண்டு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், 84-க்கும் 86-க்கும் நடுவே கோடு கிழித்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை இருகூறாக்குவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது தெரியும்.

'மொழிபெயர்த்துக் கேட்டால் போயிற்று' என்பது வழக்கமான விடை. சயான் லோகமான்ய திலக் மருத்துவமனை, பரேல் கே.இ.எம்., மும்பை சென்ட்ரல் நாயர் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளை நாடி வரும் கூட்டத்தையும் அங்குள்ள உளவியலாளர்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால், அந்த விடையைச் சொல்பவர் மீது சினம் கொள்ள இயலாது. ஆயினும் அது தவறான விடை. தாயோ அண்டை வீட்டுக்காரரோ உடனமர்ந்து மொழிபெயர்க்கும்போது வினா எளிதாகிவிடுகிறது, அல்லது குழம்பிவிடுகிறது, அல்லது விடையே வினாவுக்குள் நுழைந்துவிடுகிறது. எச்சரிக்கையுடன் எழுத்தில் செய்த மொழிபெயர்ப்பும் போதாது என்பதற்கு மிக எளிய சான்று எண்தொடர் நினைவுச் சோதனை.

சோதனையாளர் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வார். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். மொழிச் சார்பு சிறிதுமற்ற சோதனை இதுவே என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தியில் ஏக், தோ, தீன், சார், பாஞ்ச் என ஒன்பது வரை எல்லாம் ஓரசைச் சொற்கள். ஆங்கிலத்தில் ஏழு ஒன்றைத் தவிர அப்படியே. தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு எனத் தொடங்கி எட்டு வரை ஒவ்வொன்றும் ஈரசை, ஒம்பது மூவசை. குறுகிய கால நினைவு, சொல்லி முடிக்க எடுக்கும் நேரத்தைப் பொறுத்தது. எல்லிஸ், ஹென்னெலி என்ற ஆய்வாளர்கள் 1980-இல் வேல்சு நாட்டில் இதைக் காட்டினார்கள்: வெல்ஷ் மொழியின் எண்ணுப்பெயர்கள் ஆங்கிலத்தவற்றைவிட நீளமாக ஒலிப்பதால், அம்மொழியில் சோதிக்கப்படும் பிள்ளைகளின் எண்தொடர் நினைவு குறைந்து தெரிகிறது. குறைந்தது நினைவாற்றலன்று, நீண்டது சொல். அப்படியிருக்க, தமிழில் எண்களைச் சொல்லிவிட்டு வேற்றுமொழி நியம அட்டவணையில் மதிப்பெண் தேடுவது எப்படி அறிவியலாகும்? எண்களுக்கே இந்த நிலை என்றால் சொற்களஞ்சியச் சோதனையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழின் இரட்டை வழக்கு இன்னொரு கண்ணி. எழுத்துத் தமிழில் வினா கேட்டால், 'ஏன் செல்கிறார்கள்' என்பதைப் பள்ளிக்கு வெளியே ஒருபோதும் கேட்டிராத பிள்ளை விழிக்கும். எழுத்தறிவுச் சோதனையிலோ சிக்கல் வேறு வகை. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கற்றது. அங்கே வாசிப்புக் குறைபாடு பிழைகளாக வெளிப்படும். எழுத்தும் ஒலியும் நெருங்கிச் செல்லும் மொழிகளில் அது பெரும்பாலும் பிழையாகவன்று, தாமதமாக வெளிப்படும் என்பது ஐரோப்பிய மொழி ஆய்வுகள் கண்ட உண்மை. தமிழோ உயிர்மெய்களின் பெரிய வரிசையைக் கொண்டது. அதே வேளையில் ஒரே 'ப' இடத்துக்கேற்ப இருவிதமாக ஒலிக்கும். தமிழில் வாசிப்புக் குறைபாடு என்ன வடிவம் கொள்ளும், எந்த வயதில் எவ்வளவு வேகம் இயல்பு என்பவற்றுக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தே அளவு வேண்டும். ஆங்கிலப் பிழைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், மெல்லப் படித்துத் திணறும் தமிழ்ப் பிள்ளை தேடுபவர் கண்ணில் படாமலே போய்விடும்.

முதியோர் நிலையும் இதுவே. நரம்பு உளவியல் சோதனையின் பெருமை, எம்.ஆர்.ஐ. காட்டாததை அது காட்டுவது. படம் மூளையின் எந்த இடத்தில் சிதைவு என்று சொல்லும். அந்த மனிதரால் இன்று எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று சோதனையே சொல்லும். பக்கவாதத்துக்குப் பின், தலைக்காயத்துக்குப் பின், வலிப்பு அறுவைக்கு முன், மறதிநோயின் தொடக்கத்தில் அதற்கு மாற்று இல்லை. 60 வயதைக் கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் உண்டு என 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் உலகெங்கும் கையாளப்படும் 1975ஆம் ஆண்டின் சிறு மனநிலைச் சோதனை, ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறது. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யச் சொல்கிறது. பள்ளிக்கே போகாமல், விடியலில் இட்லி அவித்து விற்றே நான்கு பிள்ளைகளை ஆளாக்கி, கடன் கணக்கு முழுவதையும் மனத்தில் வைத்திருக்கும் தாராவி மூதாட்டி அதில் மதிப்பெண் இழப்பார். அது மறதியன்று. மறுபுறம், உண்மையிலேயே நோய் தொடங்கியவரை 'படிக்காதவர், அப்படித்தான் சொல்வார்' என்று திருப்பி அனுப்புவதும் நடக்கும். ஒரே கருவி இருபுறமும் வெட்டுகிறது.

இது தீர்க்க முடியாத சிக்கலன்று. அரியானாவின் பல்லப்கரில் 1990களில் இந்திக்கென அச்சோதனையைத் திருத்தியவர்கள், வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லச் சொன்னார்கள். எழுத்தைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாகச் சோதனையாளரின் முகத்தைப் பார்த்து அவர் செய்வதைச் செய்யச் சொன்னார்கள். தமிழ் நிலத்திலும் சான்று உண்டு. மறதிநோயாளரில் மூன்றில் இரு பங்கினர் வாழும் வளரும் நாடுகளுக்கு ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்ற அவலத்தையே தன் பெயராக்கிக்கொண்ட '10/66' ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் பணியாற்றியது. படிப்பறிவின்மை நோயாகத் தோன்றாதவாறு கருவிகளைச் சீர்செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2007-இல் சமூக அளவில் கையாளத்தக்க சோதனைகளை வெளியிட்டார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதே இதன் பொருள். மனம் வைக்காததன் பொறுப்பு யாருடையது?

இங்கேதான் இரண்டாம் குரலுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. நுண்ணறிவுச் சோதனையின் வரலாறு கறைபடிந்தது என்பது உண்மை. 1905-இல் பாரிசில் ஆல்பிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் சிறப்பு உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய உருவாக்கியதை, அமெரிக்காவில் காடர்டு போன்றோர் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளை 'மந்த புத்தியினர்' என்று முத்திரை குத்தப் பயன்படுத்தினார்கள். 1931-32-இல் உஸ்பெக் நாட்டுப்புறத்தில் ஆய்வு செய்த லூரியா, பள்ளி காணாத உழவர்கள் வெண்கரடி பற்றிய தருக்கப் புதிருக்கு விடை தர மறுத்து, காணாததைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கேட்டதைப் பதிவு செய்தார். அந்த மறுப்பை அறிவின்மை என்று கணக்கிடும் சோதனை தன்னையே அம்பலப்படுத்திக்கொள்கிறது.

ஆனால் அவ்வரலாற்றின் மறுபாதியைக் கருத்தரங்குகள் சொல்வதில்லை. கலிபோர்னியாவில் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டு மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் தள்ளப்பட்ட ஒன்பது மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகள் சார்பில் தொடுக்கப்பட்ட டயானா வழக்கு 1970-இல் உடன்பாட்டில் முடிந்தது. அப்பிள்ளைகளைத் தாய்மொழியான ஸ்பானியத்தையும் பயன்படுத்தி மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். தவறான சோதனை இழைத்த கொடுமையை அம்பலப்படுத்தியது சரியான சோதனை. பிள்ளையின் முதன்மை மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பதே அந்த உடன்பாட்டின் சாரம்.

சோதனையை எறிந்துவிட்டால் அந்த இடம் வெற்றிடமாக இருக்கப்போவதில்லை. ஆசிரியரின் முகக்குறிப்பும், பிள்ளையின் சாதியும், தெருவின் பெயரும், தாயின் பேச்சு வழக்கும் அந்த இடத்தில் வந்தமரும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வசதியான குடும்பத்துப் பிள்ளை தனியாரிடம் ஆங்கிலத்தில் சோதனை செய்துகொண்டு சான்றிதழ் பெற்றுவிடும்; சோதனை மறுக்கப்படுவது தாராவிப் பிள்ளைக்கு மட்டுமே. சான்றிதழை வசதியுள்ளோர் மதிப்பெண்ணுக்காகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற புகாரும் இங்கே தலைகீழாகிறது: ஏழைக்கு எட்டாத சான்றிதழ்தான் சலுகையாகத் தோன்றும், எல்லோருக்கும் எட்டினால் அது உரிமை. சோதனை எதிர்ப்பு முற்போக்காக ஒலிக்கலாம். அதன் விலையைக் கொடுப்பவர் அரங்கில் இல்லை.

அரங்கில் இருப்போரிடம் கேட்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பம்பாய் மாகாணத்தில், தார்வாடில் வி.வி. காமத் பினே அளவையைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளிடம் நடத்தித் திருத்தி 1934-இல் ஆய்விதழில் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-இல் தோன்றியது. தமிழ் 2004-இல் செம்மொழி என அறிவிக்கப்பட்டது. இத்தனைக்கும் பிறகு, தேசிய மூளை ஆய்வு மையம் வாசிப்புக் குறைபாட்டுக்கென உருவாக்கிய 'டாலி' கருவி முதலில் வந்தது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நரம்பறிதல் சோதனைத் தொகுப்பு முதலில் சீர்செய்யப்பட்டது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்தில். முன்வரிசையில் தமிழ் இல்லை. தில்லியின் புறக்கணிப்பு என்று இதற்கும் ஒரு கண்டன அறிக்கை எழுதலாம். ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக அது முடியக்கூடும். தமிழ் ஆய்வுலகம் தன் பங்கை ஆடியதா?

தமிழில் உளவியல் சோதனை சார்ந்த ஆய்வேடுகளின் பழகிப்போன பாதை இது: ஓர் ஆங்கில வினாப்படிவம், அதற்கொரு மொழிபெயர்ப்பு, ஒரு மறுமொழிபெயர்ப்பு, ஒரே கல்லூரியின் இருநூறு மாணவர், குரோன்பாக் ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டியதும் முனைவர் பட்டம். நியம அளவு இல்லை. ஏற்புடைமைக்கு மருத்துவ ஒப்பீடு இல்லை. கருவியோ நெறியாளரின் அலமாரியில். அடுத்த மாணவர் அதே கருவியை மறுபடி மொழிபெயர்க்கிறார். நூறு ஆய்வேடுகள் எழுந்தும் ஒரு பிள்ளையை அளக்க ஒரு முழம் கிடைப்பதில்லை. மொழியியல் துறைக்கோ குழந்தை மொழி ஆய்வு என்றால் தொல்காப்பியத்தோடு ஒட்டாத பொருள். உளவியல் துறைக்கோ அசையும் உயிர்மெய்யும் பிறர் பாடம். இடைப்பட்ட பள்ளத்தில் விழுவது அந்த ஒன்பது வயதுப் பிள்ளை.

'மும்பைக்கு வந்தவர்கள் இந்தியிலோ மராத்தியிலோ சோதனை எழுதட்டும்' என்ற வாதமும் உண்டு. பிள்ளை எந்த மொழியில் எவ்வளவு தேர்ந்தது என்பதை அறியாமல் அதை ஏற்பதற்கில்லை. சில தாராவிப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே இந்தி வலிமையானதாக இருக்கலாம். அதை முதலில் அளந்து பார்த்துவிட்டு மொழியைத் தேர்வதுதான் முறை. அதே காரணத்தால், சென்னைப் பிள்ளைகளிடம் எடுத்த அளவை அப்படியே தாராவிக்குப் பொருத்துவதும் பிழையே. பன்மொழிச் சூழலில் வளரும் பிள்ளையின் அறிவு நான்கு மொழிகளில் பிரிந்து கிடக்கும். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் எப்போதும் குறைவாகவே தெரியும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு சோதனை அறிக்கையும் எந்த மொழியில் நடந்தது, மொழிபெயர்ப்பாளர் யார், எந்த நியம அளவு, அளவைப் பிழை எவ்வளவு என்று எழுத்தில் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாத அறிக்கையைக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று அவர்களிடம் சொல்ல வேண்டும். சொல்சார்ந்த மதிப்பெண்ணும் செயல்சார்ந்த மதிப்பெண்ணும் பெரிதும் விலகும்போது முழு ஈவை வெட்டுப்புள்ளியாகக் கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும், செம்பூரை அடுத்த தேவநாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகம் போன்ற மும்பை நிறுவனங்களும் இணைந்து, பேச்சுத் தமிழில் வினா அமைத்து, தமிழ்நாட்டிலும் தாராவியிலும் தனித்தனியே நியம அளவு திரட்ட வேண்டும். அரசுப் பணத்தில் உருவாகும் கருவிகள் பொதுவுடைமையாக வேண்டும். புதிதாக மொழிபெயர்க்க வரும் ஆய்வு மாணவரிடம், ஏற்கெனவே உள்ளதற்கு நியம அளவு காணுமாறு நெறியாளர் சொல்ல வேண்டும். புகழ் குறைந்த, சலிப்பூட்டும், பல்லாண்டுப் பணி இது. செம்மொழிக்குச் செய்யும் தொண்டு என்று எவரும் பொன்னாடை போர்த்தப்போவதில்லை.

ஆனால் ஒரு மொழி உயிரோடிருப்பதன் அளவுகோல் அதன் பழமையன்று. அம்மொழி பேசும் பிள்ளை படிக்கத் திணறும்போது, ஏன் திணறுகிறது என்று அதன் சொற்களிலேயே கேட்டறியும் திறன் அம்மொழியின் அறிவுலகத்துக்கு இருக்கிறதா என்பதே அளவுகோல். அந்தச் சோதனையில் இதுவரை தோற்றது தாராவிப் பிள்ளை அன்று.